வடுவூர் முதல் புரோ கபடி வரை: இளம் வீரரின் முதல் 5 வருடம் எப்படி இருக்கும்? காரைக்கால் பசங்களுக்கு வழி என்ன?

2025 அக்டோபர் மாதம். பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி. 18 வயதுக்கு உட்பட்டோருக்கான கபடியில் இந்தியாவுக்கு இரண்டு தங்கம். இரண்டு இறுதிப் போட்டியிலும் எதிரணி ஈரான்தான். பெண்கள் அணி 75-21 என்று சுருட்டி எடுத்தது. ஆண்கள் அணிக்கு அவ்வளவு சுலபமாக இல்லை; 35-32 என்று கடைசி நிமிடம் வரை இழுத்துக்கொண்டு போய்த்தான் ஜெயித்தது.

பெண்கள் அணியின் துணை கேப்டன் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. ஆண்கள் அணியில் இருந்த அபினேஷ் மோகன்தாஸ், திருவாரூர் மாவட்டம் வடுவூர்க்காரர். ஊர் திரும்பியதும் இருவருக்கும் தலா 25 லட்சம் ரூபாயை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் வழங்கினார். மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி எடுக்கப்பட்ட 'பைசன்' படமும் அதே மாதம் தியேட்டருக்கு வந்திருந்ததால், டெல்டா முழுக்க கொஞ்ச நாளைக்கு கபடி பேச்சாகவே இருந்தது.

பறவைகள் சரணாலயத்துக்குப் பெயர் போன வடுவூர், காரைக்காலில் இருந்து ரொம்ப தூரம் இல்லை. திருவாரூர், மன்னார்குடி தாண்டினால் வந்துவிடும். அங்கே ஒரு பையன் ஆசியத் தங்கம் வாங்கினால், திருநள்ளாறிலும் நிரவியிலும் நெடுங்காட்டிலும் சாயங்காலம் கபடி ஆடுகிற பசங்களுக்கு ஒரு கேள்வி வரத்தானே செய்யும்? "நாமும் புரோ கபடிக்குப் போக முடியுமா? எப்படி?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இது.

18 வயதுக்கு முன்: எடைதான் முதல் எதிரி

டெல்டாவில் யாரும் அகாடமியில் சேர்ந்து கபடி கற்றுக்கொள்வதில்லை. ஊர் அணியில்தான் ஆரம்பம். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ராத்திரி முழுக்க ஃபோகஸ் லைட் போட்டு நடக்கும் தொடர் போட்டிகள்தான் பள்ளிக்கூடம். அங்கே நன்றாகப் பாடிப் போகிற பையனை, பள்ளி உடற்கல்வி ஆசிரியரோ பக்கத்து ஊர் அணிக்காரரோ கண்டுகொள்வார். மாவட்டம், மாநிலம் என்று பேச்சு வருவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மாநில அணிக்குப் போகும்போது முதலில் வந்து நிற்பது எடை மெஷின். கபடியில் வயதுக்கு மட்டுமல்ல, எடைக்கும் வரம்பு உண்டு. வழக்கமான விதிப்படி சப்-ஜூனியர் ஆண்கள் என்றால் 16 வயது, 55 கிலோ. ஜூனியர் என்றால் 20 வயது, 70 கிலோ. சீனியர் ஆண்களுக்கு 85 கிலோ.

வரம்பை ஒரு கிலோ தாண்டினாலும் தேர்வு கிடையாது. அதனால் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் சாப்பாட்டைக் குறைப்பது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது, வெயிலில் ஓடி வியர்வை விடுவது எல்லாம் நடக்கும். வளர்கிற வயதில் இது உடம்பைக் கெடுக்கும். தண்ணீர்ச் சத்து குறைந்த உடம்போடு மேட்டில் இறங்கினால் தசைப்பிடிப்பும் மயக்கமும் வர வாய்ப்பு அதிகம். 57 கிலோ பையனை 55-க்கு இறக்குவதைவிட, அடுத்த பிரிவுக்கு அவனைத் தயார் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

மண் வேறு, மேட் வேறு

டெல்டா பசங்க ஆடுவது மண்ணில். தேசியப் போட்டிகளும் புரோ கபடியும் நடப்பது மேட்டில். ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. விதி ஒன்றுதான். ஆனால் கால் வேலை முற்றிலும் வேறு.

மண்ணில் வெறுங்கால். கால் கொஞ்சம் வழுக்கும்; அந்த வழுக்கலை வைத்தே உடம்பைத் திருப்புவார்கள். மேட்டில் ஷூ போட வேண்டும், ஷூ மேட்டைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் நின்றுவிடும். அந்த நொடியில் முழங்காலுக்குத்தான் ஆபத்து. மண்ணில் சூப்பர் ஸ்டாராக இருக்கிற பையன், முதல் முறை மேட்டில் ஏறும்போது திணறுவதற்குக் காரணம் பயம் இல்லை, பழக்கம் இல்லாததுதான். 15, 16 வயதிலேயே மேட் பழகியவர்களுக்கு இங்கேதான் லாபம்.

காரைக்கால் பையன் யாருக்காக ஆடுவான்?

கிழக்கே கடலை விட்டுவிட்டால், காரைக்காலைச் சுற்றி இருப்பது எல்லாமே தமிழ்நாடுதான். நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்து 1954 நவம்பர் 1-ல் இந்தியா வசம் வந்த இந்தப் பகுதி, நிர்வாகத்தில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. தலைநகர் புதுச்சேரியோ சுமார் 130 கி.மீ. தள்ளி இருக்கிறது.

ஊர்த் திருவிழா போட்டிக்கு இந்த எல்லையெல்லாம் கிடையாது. காரைக்கால் அணி வேதாரண்யத்தில் ஆடும், மன்னார்குடி அணி திருப்பட்டினத்தில் ஆடும். ஆனால் அதிகாரபூர்வப் போட்டி என்று வந்துவிட்டால் கோடு விழுந்துவிடும்.

* தேசியப் போட்டிகளில் புதுச்சேரிக்குத் தனி அணி உண்டு. காரைக்கால் பையன் அந்த அணிக்கான தேர்வில்தான் கலந்துகொள்ள வேண்டும்.
* பள்ளி அளவிலான தேசியப் போட்டியிலும் கேலோ இந்தியாவிலும் இதே நிலைதான். தமிழ்நாடு வேறு, புதுச்சேரி வேறு.
* தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளும், முதலமைச்சர் கோப்பைப் போட்டியும் தமிழ்நாட்டு மாணவர்களுக்கானவை.
* தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 3 சதவீத ஒதுக்கீடும் தமிழ்நாட்டுத் திட்டம்தான்.

இதில் ஒரு சாதகமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு மாநில அணி இடத்துக்கு 38 மாவட்டத்துப் பசங்க போட்டி போடுகிறார்கள். புதுச்சேரி பிரதேசத்தில் மொத்தமே நான்கு பகுதிகள்: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம். தேசியப் போட்டி வரை போகிற கதவு இங்கே கொஞ்சம் அகலம்.

பாதகம் என்ன? அணி சீக்கிரம் தோற்று வெளியேறினால், வீரரை யாரும் பார்க்க மாட்டார்கள். கால் இறுதி, அரை இறுதியில் ஆடுகிற பசங்களைத்தான் புரோ கபடி பயிற்சியாளர்கள் உட்கார்ந்து கவனிப்பார்கள். தேர்வுக்கும் முகாமுக்கும் ஒவ்வொரு முறையும் புதுச்சேரி போய் வருகிற செலவு வேறு. பஸ் காசு, தங்குமிடம், ஒரு நாள் வேலை இழப்பு என்று கணக்குப் போட்டால், மீனவர் வீட்டிலோ விவசாயக் கூலி வீட்டிலோ அது சின்னத் தொகை இல்லை.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. இந்திய விளையாட்டு ஆணையம், அதாவது 'சாய்' மையங்கள் மத்திய அரசுடையவை. மாநில எல்லை அங்கே தடையில்லை. மயிலாடுதுறையில் ஒரு சாய் பயிற்சி மையம் இருக்கிறது, காரைக்காலுக்குப் பக்கம்தான். எந்த விளையாட்டுக்கு, எந்த வயதுக்கு எப்போது தேர்வு என்பது அறிவிப்பைப் பொறுத்தது. அதைத் தவறவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பதே பாதி வேலை.

புரோ கபடிக்குள் நுழைவது எப்படி?

புரோ கபடி லீக் 2014 ஜூலையில் 8 அணிகளோடு தொடங்கியது. 2017-ல் தமிழ் தலைவாஸ் உள்பட 4 அணிகள் சேர்ந்து 12 ஆனது. இதில் ஒரு வீரர் இடம்பிடிக்க பொதுவாக இரண்டு வாசல்.

முதல் வாசல் ஏலம். டிவியில் நாம் பார்ப்பது இதைத்தான். வீரர்களைப் பிரிவுகளாகப் பிரித்து அடிப்படை விலை வைப்பார்கள். 2024 ஏலத்தில் ஏ பிரிவுக்கு 30 லட்சம், பி-க்கு 20 லட்சம், சி-க்கு 13 லட்சம், டி-க்கு 9 லட்சம் ரூபாய். யாரும் கை தூக்கவில்லை என்றால் அந்த வருடம் வீட்டில்தான்.

இரண்டாவது வாசல் புதிய இளம் வீரர்கள் பிரிவு. இதை 'என்.ஒய்.பி.' என்று சுருக்கிச் சொல்வார்கள். 18 வயது தாண்டிய, இதுவரை லீக்கில் ஆடாத பசங்களுக்கானது. இவர்கள் ஏலத்துக்கு வருவதில்லை. அணிகளே நேரடியாகத் தேர்வு செய்து ஒப்பந்தம் போடும். ஜூனியர் தேசியப் போட்டி, பல்கலைக்கழகப் போட்டி, 2022-ல் தொடங்கிய 23 வயதுக்கு உட்பட்டோருக்கான யுவா கபடி சீரிஸ் போன்றவற்றில் இருந்து பசங்களை அள்ளுவார்கள். காரைக்கால் பையனோ வடுவூர் பையனோ முதல் முறை உள்ளே போக வேண்டும் என்றால் யதார்த்தமான வாசல் இதுதான்.

இந்தப் பிரிவில் சம்பளம் கோடியில் இருக்காது. ஆனால் ஒரு சீசன் முழுக்க தேசிய அளவிலான பயிற்சியாளர், பிசியோ, சாப்பாடு, மேட் எல்லாம் கிடைக்கும். ஊரில் காசு கொடுத்தாலும் கிடைக்காத விஷயங்கள் இவை.

முதல் சீசனில் என்ன நடக்கும்? இரண்டு உதாரணம்

நவீன் குமார். ஹரியானாக்காரர், 2000-ல் பிறந்தவர். 2018-ல் தபாங் டெல்லி அணிக்கு இளம் வீரராக வந்தபோது வயது 18. அடுத்த சீசனிலேயே 301 ரெய்டு புள்ளி, தொடர்ச்சியாக 21 ஆட்டத்தில் 'சூப்பர் 10', சீசனின் மதிப்புமிக்க வீரர் விருது. 2025 ஏலத்தில் ஹரியானா ஸ்டீலர்ஸ் அவரை எடுத்த விலை 1.20 கோடி ரூபாய். இளம் வீரர் ஒப்பந்தத்தில் இருந்து கோடிக்கு வர 7 வருடம் ஆகியிருக்கிறது.

இரண்டாவது உதாரணம் நம்ம தமிழ் தலைவாஸ். 2022 ஏலத்தில் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள். அந்தச் சமயத்தில் லீக் வரலாற்றிலேயே அதிக விலை. முதல் ஆட்டம், குஜராத் அணியோடு. ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே பவனுக்கு முழங்காலில் காயம். சீசன் முடிந்தது. ரசிகர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த இடத்தை நிரப்பியது நரேந்தர் என்ற புதுமுகம். இளம் வீரர் ஒப்பந்தத்தில் வந்த பையன். அந்த சீசனில் 243 ரெய்டு புள்ளி எடுத்தார். தலைவாஸ் முதல் முறையாக அரை இறுதிக்குப் போனது.

இந்தக் கதையில் டெல்டா பசங்க கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, வாய்ப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதும் உடம்பு தயாராக இருக்க வேண்டும். இன்னொன்று, தமிழ்நாட்டு அணியைக் காப்பாற்றிய அந்தப் புதுமுகமும் ஹரியானாக்காரர். அங்கே ஊருக்கு ஊர் மேட் போட்ட அகாடமி இருக்கிறது. நம்ம பக்கம் ஆர்வம் குறைவில்லை, மேட்தான் குறைவு.

அதற்காக டெல்டாவில் இருந்து யாரும் போகவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். தஞ்சாவூர் மாவட்டம் திருக்காட்டுப்பள்ளிக்காரர் தர்மராஜ் சேரலாதன். 2016-ல் பாட்னா பைரேட்ஸ் கேப்டனாக லீக் கோப்பையைத் தூக்கியவர். அதே வருடம் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 41. புரோ கபடி தொடங்கும்போதே அவருக்கு 39 ஆகிவிட்டது. இன்றைய பசங்களுக்கு 18 வயதில் திறக்கிற வாசல், அவருடைய இளமையில் இல்லவே இல்லை.

வருடத்தில் 3 மாதம் லீக், மீதி 9 மாதம்?

பல பேர் கவனிக்காத விஷயம் இது. லீக் ஒரு சீசனுக்கு ஏறத்தாழ இரண்டு, மூன்று மாதம்தான் நடக்கும். மீதி மாதத்துக்குக் குடும்பம் நடத்துவது எப்படி?

கபடிக்காரர்களுக்கு இன்றும் பெரிய பலம் அரசு வேலைதான். ரயில்வே, ராணுவம், போலீஸ், வருமான வரி, பொதுத்துறை நிறுவனங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் வீரர்களை எடுக்கின்றன. கோடியில் சம்பளம் வாங்குகிற பவன் செராவத்தே ரயில்வே அணிக்கு ஆடுகிறவர்தான். மத்திய அரசு வேலைகளுக்குத் தமிழ்நாடு, புதுச்சேரி என்ற பாகுபாடு இல்லை. காரைக்கால் பையனுக்கு ரயில்வேயும் ராணுவமும் முக்கியமாவது இதனால்தான்.

வேலைக்கு எடுபடுவது கோப்பை அல்ல, சான்றிதழ். திருவிழாப் போட்டியில் வாங்கிய 50 கோப்பைக்கும் ஒதுக்கீட்டில் மதிப்பெண் கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட சங்கம் நடத்திய மாநில, தேசியப் போட்டிச் சான்றிதழ்தான் செல்லும். கபடியில் சங்கத் தகராறுகளும் நீதிமன்ற வழக்குகளும் பல வருடமாக நடந்திருக்கின்றன. 'நேஷனல்' என்று பெயர் வைத்து யார் வேண்டுமானாலும் போட்டி நடத்தலாம். காசு கட்டி ஆடப் போகும் முன், அந்தப் போட்டி இந்திய அமெச்சூர் கபடி கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்றதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

வெளிநாட்டில் எப்படி? ரக்பி லீக் சொல்லும் பாடம்

கபடியோடு ஒப்பிடக்கூடிய விளையாட்டு ரக்பி லீக். ஒரு அணிக்கு 13 பேர். பந்தோடு ஓடுபவரை மடக்கிப் பிடிக்க வேண்டும்; ஆறு முறை மடக்கினால் பந்து எதிரணிக்கு. ஓடுவது, பிடிப்பது, உடம்போடு உடம்பு மோதுவது எல்லாம் நமக்குப் பழகிய விஷயம்தான்.

ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். லீக்கிலும் 18 வயது ஆகாமல் ஆட முடியாது என்ற விதி இருந்தது. 2021-ல் ஜோசப் சுவாலி என்ற பையனுக்காக அந்த விதியைத் தளர்த்தினார்கள். 17 வயதிலேயே சிட்னி ரூஸ்டர்ஸ் அணிக்கு அறிமுகமானார். நாடே விவாதித்தது. திறமை இருக்கும்போது ஏன் தடுக்க வேண்டும் என்று ஒரு பக்கம். வளர்ந்து முடியாத உடம்பை முழு ஆண்களோடு மோத விடலாமா என்று இன்னொரு பக்கம். அறிமுகமான அந்த சீசனையே அவர் பாதக் காயத்தால் முடிக்க முடியாமல் போனது. பிறகு மீண்டு வந்தார், 2024-ல் ரக்பி யூனியனுக்கு மாறி இங்கிலாந்துக்கு எதிராக ஆஸ்திரேலிய அணியில் அசத்தினார் என்பது வேறு கதை.

புரோ கபடியின் 18 வயது விதியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அபினேஷ் வயதுப் பசங்களுக்கு அது தடை போலத் தெரியும். ஆனால் 85 கிலோ டிஃபெண்டர் நான்கு பேர் மேலே விழும்போது, அந்த ஒரு வருடம் கூடுதலாகக் காத்திருந்தது எவ்வளவு நல்லது என்று புரியும்.

காயம் வந்தால்?

முழங்கால் லிகமென்ட் காயம்தான் கபடியில் அதிகம் பயப்பட வேண்டியது. நவீன் குமாரும் 2023 சீசனில் முழங்கால் காயத்தால் பாதியில் வெளியேறியவர்தான். பெரிய வீரருக்கு அணி மருத்துவர் இருக்கிறார், காப்பீடு இருக்கிறது. ஊர் அணிப் பையனுக்கு? எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டு, பத்து நாளில் அடுத்த போட்டிக்கு இறங்கிவிடுவான். கிழிந்த லிகமென்ட்டோடு ஆடினால் குருத்தெலும்பும் போய்விடும்.

முட்டி வீங்கினாலோ, நடக்கும்போது 'லாக்' ஆனாலோ, கால் நழுவுவது போல இருந்தாலோ எலும்பு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அறுவை சிகிச்சை என்றால் மறுபடி ஆட 9 மாதம் முதல் ஒரு வருடம் ஆகலாம். அவசரப்பட்டால் அதே கால் மறுபடியும் போகும்.

இன்னொரு எச்சரிக்கை. ஜிம்மில் யாரோ கொடுத்தார்கள் என்று பவுடர், ஊசி போட்டுக்கொள்வது. ஊக்கமருந்து சோதனையில் சிக்கினால், தெரியாமல் எடுத்தேன் என்பது பதிலாகாது. உடம்பில் என்ன போகிறதோ அதற்கு வீரர்தான் பொறுப்பு. தடை விழுந்தால் லீக்கும் போகும், வேலையும் போகும்.

பெண்களுக்கு?

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. இறுதிப் போட்டியில் 75 புள்ளி எடுத்த அணியின் துணை கேப்டன் கார்த்திகாவுக்கு, 18 வயது ஆனாலும் போய்ச் சேர புரோ கபடி போல ஒரு லீக் இல்லை. 2016-ல் 3 அணிகளோடு பெண்களுக்கான 'கபடி சேலஞ்ச்' நடத்திப் பார்த்தார்கள், அது தொடரவில்லை. ஆகவே ஒரு வீராங்கனைக்கு இன்றைக்கு நிச்சயமான வழி இந்திய அணியும், விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையும்தான். சான்றிதழும் படிப்பும் பையன்களைவிட அவர்களுக்கு இன்னும் முக்கியம்.

வீட்டில் ஒரு கபடிக்காரர் இருந்தால் கவனிக்க வேண்டியவை

* பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்கட்டும். வயது சிக்கலில் விழுந்தால் வெளியே வருவது கஷ்டம்.
* குடியிருப்பு எந்தப் பக்கம் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். படிக்கிற இடம் நாகப்பட்டினம், ரேஷன் கார்டு காரைக்கால் என்றால் எந்த மாநிலத் தேர்வில் கலந்துகொள்ளலாம் என்பதை அந்தந்தச் சங்கத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.
* மாநில, தேசியப் போட்டிச் சான்றிதழ்களை நகல் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.
* ஒப்பந்தம் என்று யார் தாள் நீட்டினாலும், படித்துப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். லீக்கில் சேர்த்துவிடுகிறேன் என்று பணம் கேட்டால் அது ஏமாற்று. அணிகள் வீரருக்குப் பணம் கொடுக்கும், வீரரிடம் வாங்காது.
* பிளஸ் 2-வோடு படிப்பை நிறுத்த வேண்டாம். பல்கலைக்கழகப் போட்டி என்கிற மேடையே கல்லூரியில் சேர்ந்தால்தான் கிடைக்கும். வேலைக்கும் பட்டம் கைகொடுக்கும்.

12 அணிகளிலும் சேர்த்து ஒரு சீசனில் ஆடுபவர்கள் சில நூறு பேர்தான். கபடி ஆடுகிற பசங்க நாடு முழுக்க லட்சக்கணக்கில். எல்லோரும் அங்கே போக முடியாது என்பதை வீட்டிலும் ஊரிலும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மேட்டில் பழகி, சான்றிதழ் சேர்த்து, காலைப் பத்திரமாக வைத்துக்கொண்ட பையனுக்கு, புரோ கபடி கிடைக்காவிட்டாலும் ஒரு ரயில்வே வேலையோ போலீஸ் வேலையோ கிடைக்க வழியிருக்கிறது. கோட்டுச்சேரியிலோ திருப்பட்டினத்திலோ இருக்கிற ஒரு குடும்பத்துக்கு அதுவே பெரிய வெற்றிதான்.